இரவு பத்தே முக்காலுக்கு எழுந்து நடந்த சிறுவன்: ஒரு நிகழ்வு ஆய்வு

குடியாத்தத்தில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். தூக்கத்தில் எழுந்து நடக்கிறான், நடக்கிறாள் என்று பிள்ளைகளை அழைத்து வருவது இங்கே புதிதல்ல. பெரும்பாலான பெற்றோரிடம் நான் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "பயப்படாதீர்கள், வளர வளரத் தானாகச் சரியாகிவிடும்." அதில் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் சொல்லி நான் அனுப்பிவைத்த ஒரு சிறுவன், இரண்டு மாதம் கழித்து மொட்டை மாடியின் விளிம்பில் போய் நின்றான். அவனைப் பற்றியது இந்தக் குறிப்பு. பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சிறுவனுக்கு வயது 7, இரண்டாம் வகுப்பு. அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட் வேலை. அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அப்பாவைப் பெற்ற ஆயா கூடவே இருக்கிறார். மூன்று வயதில் ஒரு தங்கை. வீடு என்பது ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, தெருப் பக்கம் இரும்புக் கேட், பக்கவாட்டில் மொட்டை மாடிக்கு ஏறும் படி. இந்தக் கடைசி விவரத்தை முதல் தடவை நான் கேட்கவே இல்லை.

மார்ச் மாதம்

முதலில் அம்மாவும் சிறுவனும் மட்டும் வந்தார்கள். நான்கைந்து மாதமாக வாரத்துக்கு நான்கு நாளாவது இரவில் எழுந்து நடக்கிறானாம். "கண் திறந்துதான் இருக்கிறது டாக்டர். ஆனால் என்னைப் பார்ப்பதில்லை. என்னைத் தாண்டி எதையோ பார்க்கிறான்" என்றார். இந்த நோயைப் பற்றி நான் படித்த எந்த விளக்கத்தையும்விட இது துல்லியமானது.

இரண்டு சம்பவங்களைச் சொன்னார். இரவில் எண்ணிக்கை முடியும்வரை அவர் உட்கார்ந்து பீடி சுற்றுவார். ஒரு நாள் பையன் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, முறத்துக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, வெட்டி வைத்த இலை ஒன்றை எடுத்தான். தூள் வைக்காமலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதை உருட்டினான். நுனியை மடித்தான். கீழே வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அம்மா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு "உம்" என்றான். என்னடா செய்கிறாய் என்று கேட்டதற்கு "பஸ் வந்துவிட்டது" என்றான். அப்போதுதான் அவருக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது. இன்னொரு நாள் நேராகப் போய், ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த இலைக்கட்டின் மேல் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டான். ஒரு நாள் கூலி போயிற்று என்று சொல்லும்போதும் அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் இருந்தது. காலையில் கேட்டால் பையனுக்கு ஒன்றுமே நினைவில்லை. அம்மா கதை கட்டுகிறார் என்று அழுதானாம்.

நோய் என்னவென்று தெரிந்துகொள்ள இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. உறக்கத்தின் மிக ஆழமான கட்டம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் திரண்டு கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அது பெரியவர்களைவிட அதிகம். திருவிழாக் கூட்டத்திலிருந்து தோளில் தூக்கி வந்து படுக்கவைத்தாலும் விழிக்காத உறக்கம் அது. அந்த ஆழத்திலிருந்து மூளை மேலே வரும்போது சில பிள்ளைகளுக்கு எல்லாப் பகுதிகளும் ஒன்றாக விழிப்பதில்லை. கைகால்களை இயக்கும் பகுதி விழித்துக்கொள்கிறது. யோசிக்கவும் நினைவில் வைக்கவும் வேண்டிய பகுதி தூங்கிக்கொண்டே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், தூக்கத்தில் நடந்துகொண்டிருந்த 16 வயதுப் பையன் ஒருவனின் மூளை ரத்த ஓட்டத்தை அந்த நேரத்திலேயே படம் பிடித்துக் காட்டியது ஏறக்குறைய இதைத்தான். கனவில் நடப்பதைத்தான் பிள்ளைகள் செய்து காட்டுகிறார்கள் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். 1965-இல் இரவு முழுவதும் மூளை மின்பதிவு எடுத்துப் பார்த்தபோது, நடை தொடங்குவது கனவு உறக்கத்தில் அல்ல, ஆழ்ந்த உறக்கத்தில் என்று தெரிந்தது. 1968-இல் கனடாவின் ராஜர் பிரௌட்டன் இதற்கு அரைகுறை விழிப்புக் கோளாறு என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். அந்தப் பார்வைதான் இன்றுவரை நிற்கிறது.

ஆகவே பையன் பீடி சுற்றியதில் மர்மம் ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து நாள் முழுக்கப் பார்த்த கைவேலை அது. யோசனை தூங்கிக் கிடக்கும்போது கைக்குப் பழகியதுதான் வரும்.

இதையெல்லாம் அன்றைக்கு அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். வெளியே காய்ச்சல் பிள்ளைகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்ததாக நினைவு, சீட்டில் எழுதிவைக்கவில்லை. மருந்து எதுவும் தராமல், வளர்ந்தால் சரியாகும் என்று அனுப்பினேன். எத்தனை மணிக்குத் தூங்குகிறான், குறட்டை விடுகிறானா, எங்கே படுக்கிறான் என்ற மூன்று கேள்விகளையும் கேட்கவில்லை.

மருந்து தராத டாக்டர் வைத்தியம் பார்க்காத டாக்டர் என்பது ஊர்க் கணக்கு. அடுத்த வாரமே பையனுக்கு மந்திரித்துக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பூசாரி அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். நான் கொடுத்தது ஐந்து நிமிடம்.

சிரசுக்கு மறுநாள்

வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. பகல் முழுவதும் காய்ந்த தளம் இரவில் வீட்டுக்குள் அனலை இறக்கும். ஃபேன் அந்த அனலையே சுற்றி விடும். எனவே மே மாதம் பிறந்ததும் பாய், தலையணை, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் மாடிக்கு ஏறிவிடும். நானும் சிறுவயதில் அப்படிப் படுத்து நட்சத்திரம் எண்ணியவன்தான்.

இவர்கள் வீட்டு மாடியில் இரண்டு பக்கம்தான் கைப்பிடிச் சுவர். மேலே இன்னொரு தளம் எழுப்பும் நினைப்பில் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார்கள். மற்ற இரண்டு பக்கமும் இரண்டு வரிசைச் செங்கல், முழங்கால் உயரம்கூட இல்லை.

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. விடியற்காலையில் அம்மன் சிரசு ஊர்வலம் புறப்படும்போதே பையன் அப்பாவின் தோளில் இருந்தான். பகலில் தூங்கவில்லை. இரவு வாணவேடிக்கை முடிந்து படுக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் விருந்தாளிகள், சத்தம், அன்றும் பகல் தூக்கம் இல்லை. அந்த இரண்டாம் இரவுதான் சம்பவம் நடந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தூக்கம் கெட்ட இரவைவிட அதற்கு அடுத்த இரவில்தான் ஆபத்து அதிகம். இழந்த தூக்கத்தை ஈடுகட்ட உடம்பு ஆழ்ந்த உறக்கத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆழம் கூடினால் அரைகுறை விழிப்புக்கும் வாய்ப்புக் கூடும்.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா சின்னப் பெண்ணோடு அசந்து தூங்கிவிட்டார். ஆயாவுக்கு மூட்டுவலி, கண்ணயர்வதே இல்லை. பையன் எழுந்து பாயைத் தாண்டிப் போவதைப் பார்த்ததும் ஒன்றுக்குப் போகிறான் என்று நினைத்தார். அவன் படிப் பக்கம் போகாமல் செங்கல் வரிசைப் பக்கம் போனான். ஒரு காலைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தான். முட்டி பிடித்த அந்தக் கிழவி எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. டிராயரின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். பையன் முரண்டு பிடித்தான், ஆயாவின் முகத்தில் அடித்தான், "விடு விடு" என்று கத்தினான். இரண்டு நிமிடத்தில் அவர் மடியிலேயே தூங்கிப்போனான்.

சிரசு முடிந்த மறுநாள் என்பதால் தெருவில் பேச்சு வேறு விதமாகக் கிளம்பியது. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார்கள் சிலர். அவனை அப்படிப் பிடித்து இழுத்தது தப்பு, தூக்கத்தில் நடக்கிறவனை எழுப்பினால் உயிர் போய்விடும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஆயா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குடும்பமே என் அறைக்குள் வந்து உட்கார்ந்தது.

தூக்கத்தில் நடக்கிறவரை எழுப்பினால் உயிர் போகாது. குழம்பிப்போவார், முரண்டு பிடிப்பார், சில நேரம் அடிப்பார், அவ்வளவுதான். வீட்டுக்குள் சாதாரணமாக நடக்கும் பிள்ளையை எழுப்பாமல், தோளில் கைவைத்து மெல்லத் திருப்பிப் படுக்கையில் விடுவதே நல்லது. மாடி விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு இந்த நாகரிகம் எல்லாம் பொருந்தாது. ஆயா செய்ததுதான் சரி. அதை அவர் முகத்தைப் பார்த்து இரண்டு தடவை சொன்னேன்.

காலண்டர் தாள்கள்

இந்தத் தடவை நேரம் எடுத்துக்கொண்டேன். மதியம் கடைசி ஆளாக வரச் சொல்லி ஒன்றரை மணி நேரம் பேசினேன். குறட்டை விடுவானா என்று கேட்டதும் ஆயா முந்திக்கொண்டார். "மாடு உறுமுகிற மாதிரி டாக்டர் தம்பி. நடுவில் நின்றுபோகும். நான் கையை மூக்கில் வைத்துப் பார்ப்பேன். அப்புறம் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கும்." வாயைத் திறந்து பார்த்தேன். டான்சில்கள் இரண்டும் தொண்டை வழியில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டிருந்தன. பையன் வாயால்தான் மூச்சு விட்டான். கண்ணுக்குக் கீழே கருவளையம். இதெல்லாம் மார்ச்சிலும் இருந்திருக்கும்.

நாள்தோறும் கிழிக்கும் காலண்டர் அவர்கள் வீட்டில் இருந்தது. கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல், அதன் பின்பக்கம் மூன்று விஷயங்களை எழுதச் சொன்னேன்: பையன் தூங்கிய நேரம், எழுந்து நடந்த நேரம், அன்று வீட்டில் என்ன விசேஷம். முடிந்தால் அலைபேசியில் படமும் எடுக்கச் சொன்னேன். அதுவரை அனைவரும் கீழேதான் படுக்க வேண்டும், மாடிப்படிக் கதவுக்குப் பூட்டு. பூசாரி கட்டிய கயிற்றைக் கழற்ற வேண்டுமா என்று அம்மா தயங்கிக் கேட்டார். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், பூட்டும் இருக்கட்டும் என்றேன்.

மூன்று வாரம் கழித்து ரப்பர் பேண்ட் போட்ட 21 தாள்களோடு வந்தார்கள். ராகு காலம், எமகண்டம் அச்சிட்ட தாள்களின் பின்னால் பையனின் பென்சிலில் கோணல் கோணலாக எழுத்து. நடந்த நாள்களுக்குச் சிவப்பில் ஒரு வட்டம். மேஜைமேல் சீட்டு ஆடுவது போல வரிசையாகப் பரப்பினேன். 21 இரவில் 13 வட்டம். நேரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பது, பத்து ஐம்பது, பத்து நாற்பத்தைந்து, பதினொன்று. இருபது நிமிட இடைவெளிக்குள் பதின்மூன்றும் அடங்கிவிட்டன. தூங்கப் போவதோ ஒன்பது மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில். ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து நடை. புத்தகக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

பொருந்தாதது ஒன்று இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் வட்டம் இல்லை. ஒரு வாரம் போல இன்னொரு வாரம் இப்படி அமைவது தற்செயலாகத் தெரியவில்லை. ஞாயிறு அன்று என்ன மாற்றம் என்று கேட்டேன். சாப்பாடா, பள்ளி இல்லாததா என்று யோசித்த அம்மா, பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அன்றைக்கு இவருக்கு வேலை இல்லை."

அப்பா இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வீடு வந்து சேரும் நேரம் பத்தே முக்கால். வந்ததும் முதல் வேலை இரும்புக் கேட்டைத் திறப்பது. கேட்டின் அடிச்சக்கரம் துருப்பிடித்துத் தளத்தில் கிறீச்சென்று இழுபடும். கேட்டுக்கும் பையனின் தலைமாட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். வட்டம் இல்லாத ஒரு புதன்கிழமையைக் காட்டிக் கேட்டேன். அன்று அவர் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில்தான் வந்தாராம்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்போது நான் வருவதால்தான் எழுந்து நடக்கிறானா?" என்றார். நாள் முழுவதும் மகனைப் பார்க்காமல் வேலைக்குப் போய்வரும் தகப்பன் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று எழுதத் தெரியவில்லை. உங்களால் இல்லை, உங்கள் இரும்புக் கேட்டால் என்றேன். அப்படிச் சொன்னது அவருக்குக் கொஞ்சம் சிரிப்பை வரவழைத்தது.

ஒலி மட்டும் ஒருவனை நடக்க வைக்காது. தங்கையும்தான் அதே அறையில் படுக்கிறாள், அவள் புரண்டுகூடப் படுப்பதில்லை. அதே கேட்டுச் சத்தத்தில் இவன் எழுந்து நடக்க மூன்று காரணங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. முதலாவது, அவன் ரத்தத்திலேயே இருக்கும் சாய்வு. இரண்டாவது, தூக்கக் கடன்: அதிகாலையில் குழாயில் தண்ணீர் வரும் என்று ஐந்தரைக்கே வீடு எழுந்துவிடும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவனுக்குக் கிடைத்தது எட்டு. மூன்றாவது, குறட்டையோடு சேர்ந்து ஆழ்ந்த உறக்கத்திலேயே அவனை மறுபடி மறுபடி மேலே இழுத்துக்கொண்டிருந்த மூச்சுத் தடை. கேட்டுச் சத்தம் கடைசியாக வந்து விழுந்தது. தூக்கத்தில் நடக்கும் வழக்கமுள்ள பெரியவர்களை ஒரு நாள் விழித்திருக்கச் செய்து, மறுநாள் ஆழ்ந்து தூங்கும்போது ஒலி எழுப்பி, ஆய்வுக்கூடத்திலேயே நடையைத் தூண்டிக் காட்டினார்கள் மான்ட்ரியல் ஆய்வாளர்கள், ஆண்டு 2008. எங்கள் ஊரில் அதை ஒரு துருப்பிடித்த சக்கரம் செய்து காட்டியது.

அந்தச் சாய்வைப் பற்றிக் கேட்டபோது ஒரு சிறு நாடகம் நடந்தது. குடும்பத்தில் வேறு யாராவது தூக்கத்தில் நடந்ததுண்டா என்றேன். அம்மா இல்லை என்றார், அப்பா இல்லை என்றார். ஆயா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு மகனைக் காட்டி, "இவனும்தான்" என்றார். எட்டு வயதில் இரவில் கதவைத் திறந்துகொண்டு போய், காலையில் கவுண்டன்ய நதி மணலில் தூங்கிக் கிடந்தானாம். ஏறாத கோயில் இல்லையாம். பன்னிரண்டு வயதில் தானாக நின்றுவிட்டதாம். "எனக்கே இதைச் சொல்லவில்லையே அம்மா" என்று மகன் திகைக்க, "பெண் பார்க்கப் போகிற இடத்தில் இதையெல்லாம் சொல்வார்களா?" என்றார் ஆயா. மருமகள் கணவரைப் பார்த்த பார்வையை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

கனடாவின் கியூபெக்கில் பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட கணக்கு இது: பெற்றோர் இருவரும் தூக்கத்தில் நடந்திராத பிள்ளைகளில் 22.5 சதவீதம் பேர் ஒரு கட்டத்தில் நடந்தார்கள். ஒருவர் நடந்தவர் என்றால் 47.4, இருவரும் என்றால் 61.5. ஆக, இவனுக்கு ஏறக்குறையப் பாதி வாய்ப்பு அப்பா வழியே வந்தது. அதே ஆய்வில் இந்தப் பழக்கம் மிகுதியாக இருந்த வயது 10. அப்பா எட்டில் நடந்து பன்னிரண்டில் விட்டதும் விதிவிலக்கல்ல.

வலிப்பா என்ற கேள்வி

அப்பாவின் தொழிற்சாலையில் யாரோ இது வலிப்பு, தலைக்கு ஸ்கேன் எடு என்று சொல்லியிருந்தார்கள். நியாயமான பயம். மூளையின் முன்பகுதியிலிருந்து கிளம்பும் ஒரு வகை வலிப்பு இரவில் மட்டுமே வந்து, எழுந்து ஓடுவது போலவும் கத்துவது போலவும் தோன்றி ஏமாற்றும். அம்மா அலைபேசியில் பிடித்த மூன்று நிமிடப் படத்தை அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். பையன் எழுகிறான். கண் கண்ணாடிக் குண்டு போல நிலைத்திருக்கிறது. தண்ணீர்க் குடத்தின் அருகே போய் நின்று அதன் வாயைத் தடவுகிறான். திரும்பிக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தேடுகிறான். அம்மா தோளைத் தொட்டதும் திரும்பி வருகிறான். எந்த அவசரமும் இல்லை, கைகால் விறைக்கவில்லை, ஒரு பக்கமாக இழுக்கவில்லை.

வலிப்பாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அச்சில் வார்த்தது போல ஒரே அசைவுகள். ஒரே இரவில் பல தடவை வரும். இரவின் எந்த நேரத்திலும் வரும். இவனோ ஒரு நாள் பீடி சுற்றினான், ஒரு நாள் குடத்தைத் தடவினான். ஓர் இரவுக்கு ஒரு தடவைதான், அதுவும் முதல் தூக்கத்தில். ஆகவே மின்பதிவும் ஸ்கேனும் எழுதவில்லை. பகலிலும் ஒரு தடவை நினைவு தப்பியிருந்தாலோ, விடியும் நேரத்தில் நடந்திருந்தாலோ, ஒரே இரவில் மூன்று நான்கு தடவை எழுந்திருந்தாலோ அன்றே எழுதியிருப்பேன்.

ரத்தம் மட்டும் எடுத்தேன். ஹீமோகுளோபின் 10.2, இந்த வயதுக்கு 11.5-க்குக் குறைந்தால் ரத்தசோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு இரவில் கால் நமநமவென்று இருந்து தூக்கம் கலைவதுண்டு. தூக்கத்தில் காலை உதைப்பானா என்று கேட்டதற்குத் தங்கை மட்டும், "என்னை உதைப்பான்" என்றாள்.

செய்தது

கேட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவதுதான் நான் எழுதிய முதல் மருந்து. சீட்டில் உண்மையாகவே எழுதினேன், மருந்துக் கடைக்காரர் சிரித்தார். மொபெட்டைத் தெரு முனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவது, பையனின் படுக்கையை எதிர்ச் சுவர் ஓரம் மாற்றுவது, எட்டரைக்குப் படுக்கவைத்து ஆறரைக்கு எழுப்புவது, இரும்பு சிரப், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே என்று தொடங்கினோம். சளிக்கு என்று கடையில் வாங்கிக் கொடுத்துவந்த, தூக்கம் வரவழைக்கும் சிரப்பை நிறுத்தச் சொன்னேன். அப்படிப்பட்ட மருந்துகள் நடையைத் தூண்டிவிடக்கூடும்.

பாதுகாப்பு ஏற்பாடுகளில் அம்மா என்னை மிஞ்சிவிட்டார். கதவுக்கு மேலே எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள். அதில் ஒரு மாட்டுக் கழுத்து மணி. இலை வெட்டும் கத்தரிகள் தினமும் எண்ணிப் பரணுக்குப் போயின. தண்ணீர்த் தொட்டி மூடிமேல் அம்மிக்கல்.

அடுத்த மூன்று வாரத் தாள்களில் நான்கு வட்டம்தான். மிச்சத்துக்கு, முன்கூட்டியே எழுப்பும் முறையைச் சேர்த்தேன். வழக்கமாக நடக்கும் நேரத்துக்கு 15 முதல் 30 நிமிடம் முன்பே பிள்ளையை லேசாக எழுப்பி, ஒரு வார்த்தை பேசவைத்து, மறுபடி தூங்கவிட வேண்டும். மூன்று நான்கு வாரம் தொடர்ந்து செய்ய வேண்டும். தூங்காத ஆயாவுக்கு ஏற்ற வேலை. ஆனால் முதல் இரண்டு நாள் அவர் பையனை உலுக்கி எழுப்ப, அதுவே நடையைக் கிளப்பிவிட்டது. தலையைத் தடவி, "நைனா, நைனா" என்று காதருகே கூப்பிட்டால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். அதன்பின் மூன்று வாரத்தில் ஒரே ஒரு வட்டம்.

இந்த முறை பாதி வீடுகளில் பத்தாம் நாள் நின்றுவிடும். நாள் முழுக்க உழைத்துவிட்டு, அசந்து தூங்கும் பிள்ளையை எழுப்ப யாருக்கு மனம் வரும்? ஆயாவின் மூட்டுவலிதான் இங்கே காப்பாற்றியது.

நடை குறைந்ததே தவிர குறட்டை குறையவில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அடினாய்டு என்ற சதை மூக்கின் பின்வழியை அடைத்திருந்தது தெரிந்தது. ஆபரேஷன் என்றதும் வீட்டில் எதிர்ப்பு. நடைதான் நின்றுவிட்டதே, தொண்டையை எதற்கு அறுக்க வேண்டும் என்றார் அப்பா. மூச்சு நின்று நின்று வருவதற்காக, நடைக்காக அல்ல என்று சொன்னேன். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. 2003-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், தூக்கத்தில் நடக்கும் அல்லது அலறும் 84 பிள்ளைகளைப் பார்த்தார்கள். அவர்களில் 49 பேருக்கு உறக்க மூச்சுக் கோளாறு இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட 43 பேருக்கும் நடையும் அலறலும் நின்றன. காலாண்டு விடுமுறையில் வேலூரில் டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தார்கள். நான்காம் நாள் இட்லி சாப்பிட்டான். முதல் வாரம் சத்தமே வராததால் ஆயா மறுபடி மூக்கில் கைவைத்துப் பார்த்தாராம்.

டிசம்பர் வரை ஒரே ஒரு தடவை நடந்தான், 102 டிகிரி காய்ச்சல் அடித்த இரவில். காய்ச்சலில் அப்படி வருவது எதிர்பார்த்ததுதான். தூக்க மாத்திரை எதுவும் தரவில்லை. தேவையும் இருக்கவில்லை.

கடைசியாக வந்தபோது அம்மா மட்டும் வந்தார், சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு. காலண்டர் கட்டை மேஜையில் வைத்தார். இனி எழுத வேண்டாமே என்றேன். அவர் போகவில்லை. "இவள் போன வாரம் இரண்டு இரவு எழுந்து உட்கார்ந்து வீறிட்டுக் கத்துகிறாள் டாக்டர். கூப்பிட்டால் காதில் விழவில்லை. காலையில் சிரிக்கிறாள்" என்றார். குழந்தையின் வாயைத் திறந்து தொண்டையைப் பார்த்தேன். சீட்டில் எழுதினேன். எங்கே படுக்கிறாள் என்று கேட்டேன்.

"கீழேதான். ஆயாவுக்கும் சுவருக்கும் நடுவில்."